மகள் குற்றவியல் கேட்கிறாள், மாமா பி.காம். என்கிறார்

கடலூரை ஒட்டிய கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நோட்டிலிருந்து கிழித்த ஆறு பக்கங்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். இவர் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்கிறார். மூத்த மகள் அரசுப் பள்ளியில் வணிகவியல் குரூப் எடுத்து, பிளஸ் டூவில் 600-க்கு 412 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ‘கிரிமினாலஜிதான் படிப்பேன்’ என்று பிடிவாதம். தாய்மாமன், ‘பொம்பளப் புள்ளைக்கு ஜெயிலு, கோர்ட்டுன்னு எதுக்கு? பி.காம். சேத்து விடு, பேங்க் வேலைக்குப் போவட்டும்’ என்கிறார். பள்ளி ஆசிரியை ஒருவர், பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் பட்டம் அல்லது பி.ஏ. சமூகவியல் படிக்கலாமே என்றாராம். இதற்கிடையில், கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த கல்விக் கண்காட்சியில் சென்னைப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் ஆட்கள் பேசிய பேச்சில், ‘பி.எஸ்.சி. குற்றவியல் மற்றும் தடயவியல்’ படிப்புக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டி, அசல் மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் கொடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கட்டணம், விடுதி தனி. படித்து முடித்தால் சி.ஐ.டி.யில் வேலை உறுதி என்று சொன்னார்களாம்.

கடைசிப் பக்கத்தில் அவர் இப்படி எழுதியிருக்கிறார்: “சுனாமியில் என் தம்பி போய்விட்டான். அப்போது எனக்கு 17 வயது. தகரக் கொட்டகையில் இருந்தபோது ஒரு அக்கா தினமும் சாயந்திரம் வந்து என் பக்கத்தில் உட்காருவார். ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டார். அவர் பெயர்கூட சரியாக ஞாபகமில்லை. சோசியல் ஒர்க் என்றால் அதுதானே? அது சேவை. அதற்கு எதற்கு மூன்று வருடம் படிப்பு? அவருக்குச் சம்பளம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.”

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளில் கடைசியாக வைத்ததைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றவை பாதி தெளிந்துவிடும். அந்த அக்கா யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 2005 தொடக்கத்தில் நானும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) மாணவியாகக் கடலூர்க் கரைக்கு வந்தவள். முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே, பேசாமல் பக்கத்தில் உட்கார்வது எப்படி என்பதைத்தான். ‘எல்லாம் சரியாப் போயிடும்’ என்று சொல்லக் கூடாது. ‘அழாதே’ என்று சொல்லக் கூடாது. செத்துப்போன பிள்ளையின் பெயரை அவர்களாகச் சொல்லும்வரை நாமாகக் கேட்கக் கூடாது. ஆனால் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால், அதே நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும். கொட்டகையை விட்டுப் போனபின் அன்றைக்கு யார் சாப்பிடவில்லை, யார் தூங்கவில்லை, யாரை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று நோட்டில் எழுதி, இரவு எங்கள் மேற்பார்வையாளரிடம் ஒப்பிக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது ஒரு நல்ல மனசை மட்டுமல்ல. அநேகமாக, பழகிய ஒரு வேலையையும் பார்த்திருக்கிறீர்கள். அவருக்குச் சம்பளம் இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசையும்.

சம்பளம் வாங்கினால் அது சேவையா?

நர்ஸ் சம்பளம் வாங்குகிறார். அதனால் அவர் கை வைத்த இடத்தில் வலி குறையாமல் போவதில்லை. சமூகப்பணியும் அப்படித்தான். ‘சேவை’ என்ற சொல்லை இதன் மேல் போர்த்திப் போர்த்தி, இந்த வேலை செய்கிற பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதை நம் ஊர் நியாயப்படுத்திவிட்டது. உங்கள் மகள் அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பி.எஸ்.டபிள்யூ. மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பொதுவாகச் சேரலாம். தனிமனிதரோடு பணி செய்வது, குழுவோடு பணி செய்வது, ஊரைத் திரட்டுவது, மனித வளர்ச்சியும் உளவியலும், சமூகச் சட்டங்கள் எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் படிப்பின் உயிர் களப்பணியில் இருக்கிறது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், கிராமம் என்று போய், திரும்பி வந்து அறிக்கை எழுதி ஆசிரியரிடம் திட்டு வாங்க வேண்டும். ஒரு கல்லூரி நல்லதா என்று தெரிந்துகொள்ள, வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் பிடித்து, ‘களப்பணிக்கு எங்கே போனே? யார் கூட வந்தாங்க? அறிக்கையை யார் திருத்துனாங்க?’ என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவள் பதில் சொல்லத் திணறினால், அங்கே சேர்க்க வேண்டாம்.

சென்னையில் 1952 முதல் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், மதுரை சமூக அறிவியல் நிறுவனம் போன்ற, இதற்கென்றே உள்ள கல்லூரிகளில் இளநிலையும் இருக்கிறது. பேர் பெற்ற இடங்கள்தான். ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு இளநிலைக்கே ஊர் விட்டு ஊர் போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

குற்றவியல் படித்தால் போலீஸ் ஆகலாமா?

ஆகலாம். பி.காம். படித்தாலும் ஆகலாம். தமிழ் படித்தாலும் ஆகலாம். சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஐ.பி.எஸ். வேண்டுமென்றால் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் சிவில் சர்வீஸ் தேர்வு, அதற்கும் ஏதாவது ஒரு பட்டம்தான். சி.ஐ.டி. என்பது போலீசுக்குள்ளேயே உள்ள பிரிவு. வெளியிலிருந்து குற்றவியல் பட்டத்தோடு நேராகப் போய் உட்காரும் நாற்காலி அங்கே இல்லை. கண்காட்சியில் உங்களிடம் சொன்னது உண்மையில்லை சகோதரி.

தடயவியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்தம், விஷம், கைரேகை, துப்பாக்கிக் குண்டு என்று சோதிக்கும் ஆய்வகத்துக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் படித்தவர்கள்தான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதைப் படிப்படியாகக் கொண்டுவர அவகாசமும் கொடுத்திருக்கிறது. அதனால் ஆள் தேவை கூடும் என்பது சரி. ஆனால் அந்தத் தேவை சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு. கணக்குப்பதிவியலும் வணிகவியலும் படித்த பெண்ணிடம் ‘எந்த குரூப்னாலும் பரவால்ல’ என்று சொல்லித் தடயவியல் படிப்பில் சேர்த்தவர்கள், மூன்று வருடம் கழித்து அவள் எந்த ஆய்வகத்தின் கதவைத் தட்டுவாள் என்று யோசிக்கவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது.

அப்படியானால் குற்றவியல் என்ன படிப்பு? ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் புரியும். ஆள் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். பதினாறு வயது. பைக் திருடியதாகப் பிடித்து இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தினார்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். இதை உங்கள் அண்ணனிடம் கட்டாயம் சொல்லுங்கள். பையனின் வீட்டு நிலைமையை விசாரித்து 15 நாளுக்குள் அறிக்கை தரும்படி நன்னடத்தை அலுவலருக்குக் குழுமம் உத்தரவு போட்டது. ஆற்றுப்படுத்துநராக நானும் கூடப் போனேன்.

ஒற்றை அறை. சுவரில் ஆணியடித்து ஒரு பள்ளிப் பை தொங்கியது. எடுத்துத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள், ஒரு கீறல்கூட இல்லாமல். அவன் அப்பா இறந்தது அந்த வருடம் ஜூன் மாதம். பள்ளி திறந்த இரண்டாம் வாரமே ஐஸ் பிளான்ட் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வருடமாக அவன் அம்மா பையை இறக்கவேயில்லை. ‘திரும்பிப் போவான்னு வச்சிருக்கேம்மா’ என்றார். அந்தப் பை எங்கள் அறிக்கையில் ஒரு வரியாக ஏறியது. பையனை எங்கும் அடைக்காமல், கண்காணிப்போடு வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று கேட்டோம். குழுமம் ஒப்புக்கொண்டது.

இதே பையனைச் சமூகப்பணி படித்தவர் பார்த்தால், ‘இவனுக்கும் இவன் அம்மாவுக்கும் இன்றைக்கு என்ன செய்யலாம்?’ என்று கேட்பார். குற்றவியல் படித்தவர், ‘திருட்டு பைக்கை வாங்குவது யார், சின்னப் பையன்களை ஏன் இதில் இறக்குகிறார்கள், வீட்டுக்குப் போனவன் மறுபடி வராமல் இருக்க எது உதவுகிறது, பைக்கைப் பறிகொடுத்தவருக்கு என்ன நியாயம்?’ என்று கேட்பார். சமூகவியல் படித்தவருக்கு இன்னும் அகலமான கேள்வி: ‘எந்தத் தெருக்களில் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு நிற்கிறார்கள்? ஏன் அந்தத் தெருக்கள்?’ மூன்றும் நல்ல கேள்விகள். உங்கள் மகள் எந்தக் கேள்வியோடு தூங்காமல் இருப்பாள் என்பதுதான் விஷயம்.

குற்றவியல் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்கென்று தனித் துறைகள் உண்டு. சிறைச் சீர்திருத்தம், பாதிக்கப்பட்டோர் நலன், சைபர் குற்றம், ஆய்வு என்று அதற்கு வாசல்கள் இருக்கின்றன. ஆனால் அதை முதுநிலையில் படிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது இத்தனை வருடத்தில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. பதினேழு வயதில் ஒரே ஒரு குறுகிய பட்டத்தைக் கையில் எடுத்துவிட்டால், இருபது வயதில் மனசு மாறும்போது திரும்ப வழி குறைவு.

சமூகவியல்: வீட்டில் யாரும் கேட்காத பாடம்

உங்கள் கடிதத்தில் சமூகவியல் ஒரே ஒரு வரிதான் வருகிறது. பாவம், எல்லா வீட்டிலும் அதற்கு அந்த இடம்தான். மார்க் குறைந்த பிள்ளைகள் சேருவது என்று ஒரு பேச்சு.

2005-இல் வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டோம். படகு போனவர் பெயர், வலை போனவர் பெயர், இன்ஜின் போனவர் பெயர் எல்லாம் சீக்கிரம் ஏறின. எங்கள் பேராசிரியர் ஒரு நாள் சாயந்திரம் அந்தக் காகிதங்களைப் புரட்டிவிட்டு, ‘இதில் யார் பெயர் இல்லை?’ என்று மட்டும் கேட்டார். மறுநாள் அந்தக் கேள்வியோடு திரும்பப் போனோம். கருவாடு காய வைக்கிற தனித்த பெண்கள் இல்லை. உங்களைப் போலக் கூடை தூக்குகிறவர்கள் இல்லை. உப்புத்தண்ணீர் ஏறிப்போன வயல்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலனிக் குடும்பங்கள் இல்லை. அவர்களிடம் படகு இல்லாததால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று பட்டியல் நினைத்துக்கொண்டது. அந்தக் கேள்வி சமூகவியலிலிருந்து வந்தது. நான் பல வருடம் அதை வைத்துத்தான் வேலை செய்திருக்கிறேன்.

தற்கொலை என்பது ஒரு தனி மனிதரின் துயரம் என்றே நாம் நினைக்கிறோம். எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1897-இலேயே, ஒரு சமூகத்தில் அது கூடுவதும் குறைவதும் அந்தச் சமூகம் மனிதர்களை எவ்வளவு சேர்த்துப் பிடித்திருக்கிறது என்பதோடு சம்பந்தப்பட்டது என்று காட்டினார். மகளுக்குக் குற்றத்தின் மேல் ஆர்வம் என்றால், அந்த ஆர்வத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. குற்றவியலின் பெரும்பகுதி சமூகவியலிலிருந்து கிளைத்தது.

நடைமுறைப் பயனும் உண்டு. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாகச் சமூகவியல் எடுக்கலாம். சமூகப்பணியும் குற்றவியலும் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் படிக்க விரும்பினால் எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்று ஆண்டு எல்.எல்.பி. உண்டு. விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: பள்ளி ஆசிரியை ஆவதுதான் மாற்று யோசனை என்றால் இந்த மூன்று பாடமும் நேர்வழி இல்லை. நம் பள்ளிகளில் இவை பாடமாக இல்லை. கல்லூரி ஆசிரியை ஆகலாம். தேசியத் தகுதித் தேர்வில் மூன்றுக்கும் தாள் இருக்கிறது.

மூன்று வருடமா, ஐந்து வருடமா?

இதைத்தான் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் இடத்துக்குப் பட்டம் போதும். சமூகப்பணி, சமூகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. தொண்டு நிறுவனங்களிலும் களப்பணியாளர் வேலை கிடைக்கும். ஆனால் இவை பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். ஒரு பெண் தன் கையில் நிற்கலாம். குடும்பம் முழுவதையும் அதில் தூக்க முடியாது. நன்னடத்தை அலுவலர், ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளர், தொழிற்சாலைகளில் தொழிலாளர் நலம் என்று அடுத்த படிக்குப் போக எம்.எஸ்.டபிள்யூ. அல்லது வேறு முதுநிலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். மனநலத் துறைச் சமூகப் பணியாளர் என்று சட்டப்படி பெயர் போட, 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதற்கும் மேலே ஒரு தனிப் படிப்பைக் கேட்கிறது. ஆக, இந்தத் துறையில் இளநிலை என்பது திண்ணை. வீட்டுக்குள் போக இன்னும் இரண்டு வருடம் வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கே மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாயைத் தனியார் கல்லூரியில் கொட்டிவிட்டு, முதுநிலைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை. கல்லூரிக் கட்டணம் கேட்கும் மாதமும் அதுதான். ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு மாதத்தில் உங்கள் வீடு எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? பெண்ணின் படிப்பைக் கந்துவட்டியில் தொடங்க வேண்டாம்.

என் கருத்து இது. அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்திலோ அரசு விடுதி கிடைக்கும் ஊரிலோ, பி.எஸ்.டபிள்யூ. அல்லது பி.ஏ. சமூகவியல் எங்கே கிடைக்கிறதோ அங்கே சேருங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். முதல் சுற்று முடிந்திருந்தாலும் காலியிடங்களுக்குச் சேர்க்கை நடக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். மீனவர் நலவாரியத்தில் உங்கள் வீட்டுக்காரர் உறுப்பினர்தானே? பிள்ளைகள் படிப்புக்கு அங்கேயும் உதவித்தொகை உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

புதுச்சேரி கூப்பிடு தூரம்தானே, அங்கே சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இளநிலைக்கு அங்குள்ள அரசு இடங்கள் சென்டாக் என்ற அவர்கள் சேர்க்கைக் குழு வழியாக முதன்மையாகப் புதுச்சேரிக்காரர்களுக்குப் போகும். முதுநிலைக்கு வரும்போது கதை வேறு. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். பொது நுழைவுத் தேர்வு எழுதினால் எந்த ஊர்ப் பிள்ளையும் சேரலாம். சமூகவியலும் சமூகப்பணியும் அங்கே முதுநிலையில் இருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் துறை இருக்கிறது. உங்கள் மகளின் இரண்டாம் கட்டத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு வாசல் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்போதும் அவளுக்குக் குற்றவியல்தான் வேண்டுமென்றால், சென்னைக்கோ திருநெல்வேலிக்கோ தைரியமாக அனுப்புங்கள். அப்போது அவளுக்கு 20 வயது. கையில் ஒரு பட்டமும் இருக்கும்.

உண்மையிலேயே வீட்டில் பணமில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டபிள்யூ.வும் சமூகவியலும் தொலைநிலையில் படிக்கலாம். சமூகவியலை அப்படிப் படிப்பது எளிது. சமூகப்பணியைப் படித்தால் களப்பணியை நேர்மையாகச் செய்ய வேண்டும். செய்யாமல் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர்களை நேர்காணலில் நான் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

பி.காம். பற்றி அண்ணன் சொன்னதில் தப்பில்லை. நல்ல படிப்பு. ஆனால் பேங்க் கிளார்க் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம்தான் தகுதி. பி.காம். படித்தால்தான் பேங்க் என்பது பழைய நம்பிக்கை.

அவர் பயப்படுவது வேறு எதற்கோ என்று நினைக்கிறேன். ஊர் என்ன சொல்லும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது ‘ஜெயிலுக்குப் போற பொண்ணு’ என்பார்களே என்ற பயம். அது நிஜமான பயம், சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் நம் கேப்பர் மலை ஜெயிலில் 1918-இல் பாரதியையே அடைத்து வைத்தார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்புறம், மாணவிகளைத் தனியாக எங்கும் அனுப்புவதில்லை. அனுமதிக் கடிதம், கூட ஆசிரியர், குறித்த நேரம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. பாதிக்கப்பட்ட ஒரு சிறுமி நடந்ததை முதன்முதலில் யாரிடம் வாய் திறந்து சொல்வாள் என்று அண்ணனையே கேளுங்கள். பெண்கள் இந்த வேலைக்கு வரவில்லை என்றால் அந்தச் சிறுமி சொல்லாமலேயே போய்விடுவாள்.

நான் மறைக்கக் கூடாத ஆபத்து ஒன்றிருக்கிறது. இந்த வேலை வீட்டுக்குள் வரும். ஒரு குழந்தையின் வழக்குக்குப் பிறகு மூன்று மாதம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. என் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விடவில்லை. மூத்த தோழி ஒருத்தியிடம் வாராவாரம் போய்ப் பேசித்தான் மீண்டேன். கிரைம் சீரியல் பார்த்து வந்த ஆசையாக மட்டும் இருந்தால் உங்கள் மகள் முதல் வருடத்திலேயே உடைந்துபோவாள். நீங்கள் கொட்டகையில் இருந்த கதையை அவளிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? அவள் ஆசை ஒருவேளை அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

கட்டிய பத்தாயிரமும் கொடுத்த சான்றிதழும்

இதில் தாமதம் வேண்டாம். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் கையில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகை. நடைமுறைச் செலவுக்கென்று சிறு தொகை மட்டும் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாரமும் உங்கள் பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். மகள் பெயரில், ‘சேர்க்கையிலிருந்து விலகுகிறேன், அசல் சான்றிதழ்களையும் கட்டிய 10,000 ரூபாயையும் திருப்பித் தரவும்’ என்று நாலு வரி எழுதி, ரசீது நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் முதல்வருக்கு அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் பெயரில் ஒரு கடிதம் போனாலே பல கல்லூரிகள் கொடுத்துவிடும். ஒருவேளை பணம் வராமலே போனாலும் 10,000 ரூபாய்க்காக மூன்றரை லட்சத்துக்குள் இறங்காதீர்கள்.

கடைசியாக, மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் திங்கட்கிழமை காலை அவளைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புங்கள். குறைதீர்க்கும் நாள். மனுவோடு ஊரே வந்து நிற்கும். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டோடு மூன்று மணி நேரம் உட்காரட்டும். யாரையும் கேள்வி கேட்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதட்டும். அழுதுகொண்டிருந்த பாட்டிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுக்க எழுந்து போனாளா, யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற முடிச்சிலேயே நின்றாளா, பட்டா மனு எந்த ஊர்களிலிருந்து அதிகம் வருகிறது என்று எண்ணத் தொடங்கினாளா என்று அந்த நோட்டு சொல்லிவிடும். விண்ணப்பத்தில் முதல் விருப்பம் எதுவென்று அதைப் பார்த்து நிரப்பலாம். அவளுக்குச் சம்மதம் என்றால் அந்தப் பக்கங்களை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவளுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.